அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன்

ஏரிமேடு, பாகூர்
12.2.2025

என் தங்கச்சி சரண்யாவுக்கு அக்கா ஜெயா எழுதறது. இங்க எல்லாரும் உயிரோட இருக்கோம், அதுக்கு மேல சுகம்னு சொல்ல ஒண்ணும் இல்ல. உன் தலைவலி எப்படி இருக்குது? கண்ணாடி மாத்தினியா இல்லியா?

போன்ல சொல்லலாம்தான். ஆனா நான் போனை எடுத்தா என் மாமியா டிவி சத்தத்தைக் குறைச்சிடுது. அதான் நம்ம பழைய வழக்கப்படி கடுதாசி.

பையன் மண்டையில தையல் போட்டிருக்குதுடி. தைப்பூசத்துக்கு காலேஜ் லீவுல வந்தான். டீக்கடையில தங்கவேல் ஆளுங்க என்னமோ பேச, இவன் எதிர்ப்பேச்சு பேச, எவனோ செங்கல்லால அடிச்சிட்டான். எல்லாம் அந்த திரௌபதி அம்மன் கோயில் சண்டைதான். தீமிதி அன்னைக்கு பரிவட்டம் யார் தலையில கட்டறது? உங்க மாமா தலையிலயா, தங்கவேல் தலையிலயா? அந்த ஒரு முழம் துணிக்காக ஊரு ரெண்டாப் பிரிஞ்சு, இவரு ஒரு கட்சி, அவரு ஒரு கட்சின்னு கொடி நட்டு, மூணு வருஷமா திருவிழா இல்ல, கோயிலுக்குப் பூட்டு. ஆளுக்கொரு கேஸு.

பையன் ரத்தம் ஒழுக வந்து நிக்கறான், உங்க மாமா இன்னா சொன்னார் தெரியுமா? "பார்த்தியா, என் ரத்தம்"னு மீசையை முறுக்கறார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு சோத்துப் பானையை எடுத்து அவர் தலையில கவுத்திருப்பேன்.

அடுத்த தடவை இவன் எவனையாவது அடிச்சுக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போவான், இல்ல பொணமா வருவான். நீ காலேஜ்ல பாடம் எடுக்கறவ. இந்த ஆம்பளைங்களை அடக்க உன் புஸ்தகத்துல எங்கனா வழி இருந்தா எழுது. வேளைக்கு சாப்பிடு. தனியா இருக்கோமேன்னு பழைய சோத்தோட நிறுத்திக்காதே.

உன் அக்கா,
ஜெயா

---

வில்லியனூர்
1.3.2025

அன்பு அக்காவுக்கு, தலைவலி குறைந்துவிட்டது, கண்ணாடி மாற்றியாச்சு. பையனுக்குத் தையல் பிரிச்சாங்களா?

புஸ்தகத்துல வழி கேட்டே இல்ல, சிரிக்காம படி. இந்தப் பருவத்துல நான் பசங்களுக்கு கிரேக்க நாட்டுப் பழைய சிரிப்பு நாடகங்கள் நடத்தறேன். ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தினது. நம்ம கூத்து மாதிரிதான் அக்கா. திருவிழாவுல ஊரே கூடி உக்காந்து பார்க்கும், ஆம்பளைங்களே பொம்பளை வேஷம் கட்டுவாங்க. வயித்துல துணியைத் திணிச்சுக்கிட்டு, இடுப்புக்குக் கீழ தோலால ஒண்ணைத் தொங்க விட்டுக்கிட்டு வருவாங்க! மேடையில பேச்செல்லாம் பச்சை பச்சையா. முன்வரிசையில உக்காந்திருக்கிற தலைவனையே பேர் சொல்லிக் கிண்டல் பண்ணுவாங்க, அவனும் பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கணும்.

அதுல ஒண்ணு. ஆம்பளைங்க வருஷக்கணக்கா சண்டை போட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டு பக்கத்துப் பொம்பளைங்களும் சேர்ந்து ஒரு முடிவு எடுக்கறாங்க: சமாதானம் ஆகற வரைக்கும் எவளும் புருஷனோட படுக்கறதில்லை. அவ்வளவுதான்! பெரிய பெரிய வீரனெல்லாம் குனிஞ்சு நடக்கிறான், கெஞ்சறான், கடைசியில சமாதானம். எல்லாரும் ஜோடி ஜோடியா ஆடறதோட நாடகம் முடியுது.

உனக்குச் சிரிப்பு வரட்டும்னுதான் எழுதினேன். மாமாவை இப்படிப் பட்டினி போட்டா அந்த மீசை ஒரே வாரத்துல தொங்கிடும். சொல்லப்போனா அந்த மீசையை எடுத்தா மாமாவுக்குப் பத்து வயசு குறையும், மச்சினி சொன்னேன்னு சொல்லு.

நான் கட்டிக்கிட்ட அந்த மனுஷனை விட்டுட்டு வந்தப்ப எனக்காக நம்ம சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சண்டை போட்ட ஆள் நீ. உன்னால எதுவும் முடியும்.

உன் தங்கச்சி,
சரண்யா

---

ஏரிமேடு
20.4.2025

சரண்யா, நல்லா இருக்கியா? நான் ரொம்ப நல்லா இருக்கேன்டி. நீ எழுதினது சிரிப்பில்ல, மருந்து.

ஏரிக்கரையில நூறு நாள் வேலை நடக்கச்சொல்ல உன் கடுதாசியைப் படிச்சுக் காட்டினேன். தங்கவேல் பொண்டாட்டி வள்ளியம்மாளும் அங்கதான் மண்ணு வாரிக்கிட்டிருந்தா. மூணு வருஷமா நாங்க ரெண்டு பேரும் முகம் பார்த்துப் பேசினதில்ல. தோல் சமாச்சாரம் வந்தப்ப அவ மம்மட்டியைப் போட்டுட்டு உக்காந்து சிரிச்சா பாரு, கண்ணுல தண்ணி. "ஏ ஜெயா, எங்க வூட்டு ஆளுக்கு ரெண்டு நாள் தாங்காது"ன்னா.

ஆனா சும்மா மாட்டேன்னா ஆம்பள கேப்பானா? கையைப் புடிச்சு இழுப்பான். அதுக்குதான் காப்பு. தீமிதிக்கு விரதம் இருக்கிறவங்க மஞ்சள் துணியில காப்பு கட்டிக்கிட்டா, அப்புறம் புருஷன் தொடக் கூடாது, கவுச்சி கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது. தீமிதி நடந்தாதான் காப்பு அறுக்க முடியும், அது வரைக்கும் ஊர்ல ஒரு கல்யாணமும் கெடையாது. அம்மன் காப்பை மீற எந்தக் கட்சிக்காரனுக்கும் தைரியம் கெடையாது. வெள்ளிக்கிழமை பூட்டின கோயில் வாசல்ல நின்னு ரெண்டு தெரு பொம்பளைங்களும் ஒருத்திக்கு ஒருத்தி காப்பு கட்டிக்கிட்டோம். இனி திருவிழா நடத்தியே ஆகணும், நடத்தணும்னா ரெண்டு பேரும் ஒத்துப்போயே ஆகணும்!

பிரிட்டோ பொண்டாட்டி விஜயராணி மாதா கோயிலுக்குப் போறவ. "எனக்குக் காப்பு இல்ல, ஆனா எங்க ஆளும்தான் கம்பு எடுத்துக்கினு போறார், நானும் வரேன்"னு ஜெபமாலையைக் கையில சுத்திக்கிட்டு வந்துட்டா.

மகளிர் குழு கட்டடத்துல தங்கியிருக்கோம். போன் எல்லாத்தையும் அரிசி டிரம்முல போட்டு மூடியாச்சு, புருஷன் குரலைக் கேட்டா மனசு எளகிடும்னு. அதனால இனி கடுதாசி உங்க மாமா கையிலதான் வரும். கட்சி ஆபீசுக்கு எப்படியும் வில்லியனூர் வராரே. "உன் தங்கச்சி சொன்னா கேப்ப, நானே போய் அவகிட்ட பேசறேன்"னு சொல்லிக்கினு இருக்கார். பேசட்டும். நீ மசியாதே. வேற யார்கிட்ட கொடுத்தாலும் பிரிச்சுப் படிப்பான், இவருக்குப் படிக்கறதே வேப்பங்காய். கூட முருங்கக்கா வெச்சிருக்கேன், சாம்பார் வை.

அக்கா

---

வில்லியனூர்
28.4.2025

அக்கா, சுகமா? ஐயோ, நீ இப்படிச் செய்வேன்னு நான் நினைக்கவே இல்லை. பயமா இருக்கு, பெருமையாவும் இருக்கு. எங்க டிபார்ட்மென்ட்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க.

மாமா வந்தார். முருங்கைக்காயை நீட்டிட்டு வாசல்லயே நின்னார், நான்தான் உள்ள கூப்பிட்டேன். உன்னை எப்படியாவது வரச் சொல்லுன்னு கேட்டார். நான் உன் கட்சின்னு சொல்லிட்டேன். சிரிச்சார். அப்புறம் காப்பி குடிச்சிட்டு ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தார். மாமா இவ்வளவு பேசுவார்னு எனக்குத் தெரியாதுக்கா. பரிவட்டம் தன் அப்பாவுக்குக் கட்டினதை சின்ன வயசுல பார்த்தாராம், அதைச் சொல்லச்சொல்ல கண்ணு கலங்கிடுச்சு. நாம நினைக்கிற மாதிரி வெறும் முரட்டு மனுஷன் இல்லை.

நீ உறுதியா இரு. நாடகத்துல கூட பாதியில ஒவ்வொருத்தியா சாக்கு சொல்லி வீட்டுக்கு நழுவப் பார்ப்பா. விட்டுடாதே.

சரண்யா

---

ஏரிமேடு
10.5.2025

சரண்யா, உடம்பு எப்படி? பரிட்சை பேப்பர் திருத்தறேன்னு கண்ணைக் கெடுத்துக்காதே. இங்க எனக்கு வாய் வலிக்குது, சிரிச்சு சிரிச்சு.

நீ சொன்ன மாதிரியேதான். ஒருத்தி கோழி அடை வெச்சிருக்கேன், போய் பார்த்துட்டு வரேன்னா. பொய்க் கோழி! இன்னொருத்திக்கு திடீர்னு மாமியா மேல பாசம் வந்துடுச்சு. வள்ளியம்மாள் வாசல்ல கால் நீட்டி உக்காந்துக்கினு, "தாண்டினா காலை உடைப்பேன்"னு ஒருத்தியையும் விடல. நல்ல பொம்பள சரண்யா அவ. மூணு வருஷம் வீணாப் போச்சு.

ஆம்பளைங்க நெலமை தெருநாய் நெலமை. தங்கவேல் சட்டையில பட்டன் கூட இல்ல. பிரிட்டோ சோத்தைக் கருக்கிட்டு ஜன்னல்கிட்ட வந்து, "எவ்வளவு தண்ணி ஊத்தணும்?"னு கேக்கறார். உங்க மாமா மட்டும்தான் எண்ணெய் தேச்சுக் குளிச்ச மாதிரி பளபளன்னு சுத்தறார். ஆனா கேளு, அந்தக் கல்லும் கரைஞ்சிடுச்சு! போன வாரம் மீசையை எடுத்துட்டு வந்து நிக்கறார். அந்த மீசையை! "இன்னா இது?"ன்னேன், "சும்மாதான்"னார். எங்க பொம்பளைங்க விசில் அடிச்சிட்டாங்க. எதிரி தலைவன் சரணாகதின்னு பாயசம் வெச்சோம். நீ சொன்னது சரிதான்டி, பத்து வயசு குறைஞ்சுதான் போச்சு.

உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கும் ஆசைதான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நானா ஒரு நாளும் கேட்டதில்ல, கேக்கற மாதிரி அவர் வெச்சதும் இல்ல. இப்ப தொடக் கூடாதுன்னு ஆனப்புறம் ஜன்னல் வழியா அந்த வழவழ முகத்தைப் பார்க்கறேன், கையை நீட்டித் தடவணும் போல இருக்குது. இந்த வயசுல! காப்பு அறுத்த அன்னைக்கு முதல் ஆளா ஓடிப்போய் அவர்கிட்ட நிக்கப் போறது நான்தான். சிரிக்காதே.

இன்னொண்ணு, இது ரகசியம். வர்ற அமாவாசை அன்னைக்கு ஆம்பளைங்க எல்லாம் ஏரியில மீன் ஏலத்துக்குப் போயிடுவாங்க. அந்த நேரம் பார்த்து நாங்க கோயில் பூட்டை உடைச்சு உள்ள உக்காரப் போறோம். கோயிலுக்குள்ள காப்போட உக்காந்துட்டா ஒருத்தனும் கை வைக்க முடியாது, அன்னைக்கே பேச்சுவார்த்தைக்கு வந்தாகணும். எனக்கும் வள்ளியம்மாளுக்கும்தான் நாள் தெரியும். மத்தவங்களுக்குக் காலையிலதான் சொல்வோம். உன்கிட்ட சொல்லாம எனக்கு எதுவும் நிக்காதே, அதான் எழுதிட்டேன்.

அக்கா

---

வில்லியனூர்
22.5.2025

அக்கா, சுகம்தானே. எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், அதான் எழுதல. பேப்பர் வேலையும் அதிகம்.

போதும் அக்கா, விட்டுடு. நாடகம் வேற, வாழ்க்கை வேற. வீட்டுக்குப் போ. இதுக்கு மேல இன்னா எழுதறதுன்னு தெரியல.

சரண்யா

---

ஏரிமேடு
29.5.2025

சரண்யா, காய்ச்சல் விட்டுச்சா? கஞ்சி வெச்சுக் குடிச்சியா? உன் மேல கோவமா இருக்கேன், ஆனாலும் கேக்கறேன்.

"விட்டுடு"ன்னு எழுத உனக்கு எப்படி கை வந்துச்சு? ஆரம்பிச்சு வெச்சவளே நீ.

அமாவாசை அன்னைக்குக் கடப்பாரையோட போறோம், கோயில் வாசல்ல ரெண்டு கட்சி ஆம்பளைங்களும் பெஞ்சு போட்டு உக்காந்திருக்காங்க. இரும்புக் கதவுக்குப் புதுப் பூட்டு, சங்கிலி. உங்க மாமா நடுவுல உக்காந்து வெத்தலை போட்டுக்கினு, "வாங்க, வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்கோம்"ங்கறார். எல்லாப் பயலும் கை தட்டி சிரிக்கறான். மூணு வருஷமா சேராத பசங்க எங்களைப் பார்த்து சிரிக்கறதுக்குன்னு ஒண்ணா சேர்ந்தானுங்க.

நாள் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. நான் சொல்லல. அப்ப யாரு? எல்லார் முன்னாடியும் வள்ளியம்மாளைக் கேட்டுட்டேன் சரண்யா. "உன் புருஷன் கிட்ட காட்டிக் கொடுத்தியா, படுத்துட்டு வந்தியாடி?"ன்னு கேட்டுட்டேன். அவ என்னைப் பார்த்துக்கினே இருந்தா. அப்புறம் பாயைச் சுருட்டிக்கினு வாசல்ல போய் தனியா படுத்துக்கினா. காப்பை மட்டும் அவுக்கல. குத்தம் பண்ணவ காப்போட இருப்பாளா? அது எனக்கு உறுத்திக்கினே இருக்குது.

பதில் போடு. உங்க மாமாவை அடுத்த முறை வெறுங்கையோட அனுப்பாதே.

ஜெயா

---

ஏரிமேடு
14.6.2025

சரண்யாவுக்கு,

இந்தக் கடுதாசி தபால்ல வருது. ஏன்னு உனக்குத் தெரியும்.

உன் பதிலுக்கு ரெண்டு வாரம் பார்த்தேன். அவரைக் கேட்டப்பெல்லாம் "அவ வூட்ல இல்ல, வூடு பூட்டிக் கெடக்குது"ன்னார். உனக்குக் காய்ச்சல் முத்திப்போச்சோன்னு எனக்கு சோறு எறங்கல. நான் எல்லை தாண்ட முடியாது. விஜயராணிக்குக் காப்பு இல்லியே, அவ வில்லியனூர் மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போறேன்னா. "அப்படியே என் தங்கச்சியை ஒரு எட்டு பார்த்துட்டு வாடி, ஒண்டியா கெடப்பா"ன்னு ரசப்பொடி கொடுத்தனுப்பினேன்.

போனவ ரசப்பொடியைத் திருப்பிக் கொண்டாந்துட்டா. மூஞ்சியைப் பார்க்காம சுத்தினா. நான் புடிச்சுக் கேட்டதுக்கு அழுதுட்டா. உன் வாசல்ல கட்சிக் கொடி கட்டின அவர் வண்டி. துணிக்கொடியில அவர் வெள்ளைச் சட்டை காயுது, பக்கத்துல உன் நைட்டி. உள்ள மீன் வறுக்கற வாசனை. ஜன்னல் வழியா அவர் கைலியோட உக்காந்து கருவாட்டு முள்ளு எடுக்கற மாதிரி நிதானமா மீன் சாப்பிடறதைப் பார்த்திருக்கா. நீ பக்கத்துல உக்காந்து பரிமாறிக்கினு இருந்தியாம்.

முதல்ல எனக்கு ஞாபகம் வந்தது இன்னா தெரியுமா? மீசை. நீதானே எழுதினே. நான்தான் அதை அவர்கிட்ட சிரிச்சுக்கினு சொன்னேன். அந்த மீசைக்கு நாங்க பாயசம் வெச்சோம்!

அந்த ஆசையைப் பத்தி உனக்கு மட்டும்னு எழுதினேனே. அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேனே. அதை யார் படிச்சா? நீ படிச்சியா, அவர் படிச்சாரா, ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சீங்களா? அமாவாசையை யார் சொன்னா? உன்னால வள்ளியம்மாளை இன்னா வார்த்தை கேட்டுட்டேன் பாவி.

இதுக்கு மட்டும் பதில் போடு.

ஜெயா

---

வில்லியனூர்
21.6.2025

அக்கா,

எப்படி இருக்கேன்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்லை.

உன் கேள்விக்குப் பதில். கடிதத்தைப் பிரிச்சது மாமா. முன்னாடியும் பிரிச்சிருக்கார், எனக்குத் தெரியாது. அன்னைக்கு என் எதிர்ல உக்காந்து சத்தமா படிச்சார். நீ ஆசைன்னு எழுதினது வந்ததும் நான் நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தல. சிரிச்சார். நான் சிரிக்கல அக்கா, சத்தியமா சிரிக்கல. ஆனா எழுந்தும் போகல. அமாவாசை விஷயத்தையும் அப்படியேதான் அவர் தெரிஞ்சுக்கிட்டார். அதை உனக்கு எழுதி எச்சரிக்கணும்னு உக்காந்தேன். எழுதினா எல்லாம் சொல்லணுமே. அதான் "விட்டுடு"ன்னு மட்டும் எழுதினேன்.

நான் திட்டம் போட்டு எதுவும் செய்யல. முதல் தடவை உன்னைப் பத்திதான் பேசினோம். ரெண்டாவது தடவையும் உன்னைப் பத்திதான். தனியா சாப்பிட்டு சாப்பிட்டு எனக்கு வெறுத்துப் போயிருந்தது. எதிர்ல ஒருத்தர் உக்காந்து நல்லா இருக்குன்னு சொல்லி இன்னொரு கரண்டி கேக்கறது எவ்வளவு பெருசுன்னு உனக்குத் தெரியாது.

நீதானே அக்கா அவரை அனுப்பினே. திரும்பத் திரும்ப நீதானே அனுப்பினே. இப்படிச் சொல்றது அசிங்கம்னு தெரியுது, ஆனா ராவும் பகலும் எனக்கு அதுதான் தோணுது.

நீ சொன்னா நான் இந்த ஊரை விட்டே போயிடறேன். என்னைத் திட்டியாவது எழுது.

சரண்யா

---

ஏரிமேடு
14.7.2025

சரண்யாவுக்கு ஜெயா எழுதறது.

நாங்க ஜெயிச்சிட்டோம். தங்கவேல் மகளுக்கு ஆடிக்கு முன்னாடி கல்யாணம் முடிக்கணும், காப்பு அறுக்காம ஊர்ல பந்தக்கால் நட முடியாது. அந்த அவசரத்துல அவர் எறங்கி வந்தார், இவரும் வந்துதான் ஆகணும். பரிவட்டம் இனி எந்த ஆம்பளை தலையிலயும் இல்ல, அம்மன் கரகத்துக்குத்தான்னு ரெண்டு பேரும் ஊர் நடுவுல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணாங்க. கேஸையும் ரெண்டு பக்கமும் வாபஸ் வாங்கறாங்க. என் பையன் வந்து தங்கவேல் மகனோட சேர்ந்து பந்தல் போட்டான். அதைப் பார்த்தப்ப எனக்கு அழுகை வந்துச்சு. சந்தோஷ அழுகைதான், அதையும் சொல்லிக்கறேன்.

தீ மிதிக்கறதுக்கு முன்னாடி ஊர் முழுக்கக் கேக்கற மாதிரி வள்ளியம்மாள் கால்ல விழுந்தேன். "காட்டிக் கொடுத்தது என் கடுதாசி, உன்னைப் போய் கேட்டுட்டேன்"னேன். கடுதாசி யாருக்குன்னு அவ கேக்கல. எல்லாருக்கும் தெரிஞ்சிருந்திருக்குது, எனக்குத்தான் கடைசியா தெரிஞ்சுது. தூக்கி நிறுத்தி, "புடவையைத் தூக்கி சொருகு, தீ ஆறிடும்"னா. அவ்வளவுதான் சொன்னா.

ஒவ்வொருத்திக்கும் அவ அவ புருஷன் காப்பு அறுக்கறதுன்னு முன்னாடியே பேசி வெச்சிருந்தோம். என்கிட்டயும் வந்து நின்னார் அந்த ஆளு. மீசை பாதி மொளைச்சிருக்குது. ஒண்ணுமே நடக்காத மாதிரி கத்தரிக்கோலை வெச்சுக்கினு, "கையைக் காட்டு ஜெயா"ங்கறார். முதல் ஆளா ஓடிப்போய் நிப்பேன்னு எழுதினேனே, ஞாபகம் இருக்குதா? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டீங்களே. நான் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன். வள்ளியம்மாள்கிட்ட திரும்பி நீட்டினேன், அவதான் அறுத்தா.

அப்புறம் பம்பை அடிச்சாங்க, உன் நாடகத்துல மாதிரியே எல்லாரும் ஜோடி ஜோடியா ஆடினாங்க. பிரிட்டோவும் விஜயராணியும் கூட ஆடினாங்க. நான் ஓரமா உக்காந்து பார்த்தேன். ஒரு விஷயம் உன் நாடகத்துல தப்புடி. அதுல ஆம்பளைக்குப் போக வேற வூடே இல்லாத மாதிரி எழுதி வெச்சிருக்கான்.

நான் அனுப்பினேன்னு சொன்னே. ஆமா, அனுப்பினேன். புருஷன்னு நம்பி, தங்கச்சின்னு நம்பி அனுப்பினேன். ரெண்டு நம்பிக்கையில ஒண்ணாவது நின்னிருந்தா எனக்கு இது நடந்திருக்காது. அவரை விட உன்மேலதான் எனக்கு ஆறல. அவரை எனக்குக் கட்டி வெச்சாங்க. உன்னை நான் தூக்கி வளர்த்தேன்.

ஊரை விட்டெல்லாம் நீ போக வேணாம். உனக்கு சாப்பாட்டுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும்னு எழுதியிருந்தே. இந்த வூடு நம்ம அப்பா எனக்குக் கொடுத்த மனையில நிக்குது, நான் இங்கதான் இருப்பேன். என் மாமியாளும் என்கூட இருக்கறேன்னுடுச்சு, டிவி சத்தத்தை ஏத்தி வெச்சுக்கினு.

காலையில அவரைக் கூப்பிட்டு, "சரண்யாவுக்கு ஒரு கடுதாசி இருக்குது, வழக்கம்போல கொண்டு போய்க் கொடுங்க"ன்னேன். சமாதானம் ஆகிட்டேன்னு நெனைச்சு முகம் மலர்ந்துடுச்சு. கூட ஒரு மூட்டையும் கொடுத்திருக்கேன், முருங்கக்கான்னு நெனைச்சிருப்பார். அதுல அவர் வேட்டி சட்டை எல்லாம் துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன், ரத்த அழுத்த மாத்திரை ஓரத்துல இருக்குது, காலையில ஒண்ணு.

வழியில பிரிச்சுப் படிச்சாலும் படிக்கட்டும். இந்தத் தடவை பதில் வாங்கிக்கினு வரச் சொல்லல.

ஜெயா